டாக்டர் வீட்டு அரிசி

மேக் என்றால் பின்சிக்குத் தெரியும். டூ என்றாலும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ‘மேக் டூ’ (make do) என்று பிரதீஷ் சார் பலகையில் எழுதியபோதுதான் ஒன்றும் விளங்கவில்லை. தனித்தனியாகத் தெரிந்த இரண்டு பேர் திடீரென்று கல்யாணம் முடித்து வந்து வாசலில் நிற்பதுபோல இருந்தது. இனி அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

கேரள எல்லையோரத் தனுவச்சபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் நடக்கும் அந்த இங்கிலீஷ் வகுப்பில் பின்சிதான் மூத்தவள். மற்றவர்கள் எல்லாம் நர்சிங் முடித்த சூட்டோடு வெளிநாட்டுக் கனவோடு வந்திருக்கும் பிள்ளைகள். அவளைச் சேச்சி என்று கூப்பிடுவார்கள். சொல்லித்தரும் பிரதீஷ் சாரே அவளுடைய தம்பி சானுவைவிட இளையவன். பாதி மலையாளத்திலும் பாதி இங்கிலீஷிலும் வகுப்பை ஓட்டுவான். பின்சியின் முகம் இருண்டு போனால் மட்டும் அவளுக்காகத் தமிழுக்கு இறங்கி வருவான். அன்றைக்கும் இறங்கி வந்தான்.

“உள்ளத வச்சு ஒப்பேத்துறது, சேச்சி. வேண்டியது கையில இல்ல, ஆனாலும் காரியம் நடக்கணும். அதாக்கும் மேக் டூ.”

அட, இவ்வளவுதானா என்று பின்சிக்கு ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து செய்து வந்த வேலைக்கு இங்கிலீஷில் இத்தனை சின்னப் பெயரா என்று கொஞ்சம் கோபமும் வந்தது.

கோபப்பட அவளுக்கு நேரம் இல்லை. பாறசாலையில் அவள் வேலை பார்த்துவந்த சின்ன ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்கள். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலைக்கு ஏஜென்சி மூலம் முயற்சி செய்துகொண்டிருந்தாள். இரண்டு இன்டர்வியூ ஏற்கெனவே கையைவிட்டுப் போயிருந்தது. வேலை தெரியாமல் போகவில்லை. ஊசி போடவும் கட்டுப் போடவும் கிழவர்களைக் குளிப்பாட்டவும் அவளை மிஞ்ச அந்த ஆஸ்பத்திரியில் ஆள் கிடையாது. இங்கிலீஷ் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்காருவாள். நடுவில் ஒரு வார்த்தை நழுவும். அதோடு முழுப் பதிலும் சரிந்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பாள். வருகிற சனிக்கிழமை மூன்றாவது. இதுவும் போனால் இனி உங்கள் பெயரை அனுப்ப மாட்டோம் என்று ஏஜென்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதனால் பிரதீஷ் சார் அவளுக்கு மனப்பாடத்தையே தடை செய்தான். குறைந்த வசதியில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும், அதற்கு உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று வகுப்பில் எல்லோரிடமும் கேட்டான். எல்லோரும் கொரோனாவைச் சொன்னார்கள். மாஸ்க் இல்லை, கையுறை இல்லை, மேக் டூ பண்ணினோம். பின்சியும் எழுந்து நின்று அதையே சொன்னாள். சார் தலையில் கை வைத்தான். கொரோனாவுக்கு முன்னால் நீங்கள் யாரும் வாழவே இல்லையா என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். பின்சி சிரிக்கவில்லை. அவள் வாழ்ந்திருக்கிறாள்.

வெள்ளறடைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. இருபக்கமும் ரப்பர்த் தோட்டம். மழை சாரலாக விழுந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் ரப்பர் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாவிட்டால் வெட்டுக்காரன் வீட்டில் அடுப்பு யோசித்து யோசித்துத்தான் எரியும். பின்சியின் அப்பா பொன்னுதாஸ் ரப்பர் வெட்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியும், மழையைப் பார்த்தால் பின்சிக்கு முதலில் நினைவு வருவது குடை இல்லை, அரிசிதான்.

அவர்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. பழைய மிஷன் காலத்திலிருந்து வருவது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து வீட்டுக்காரி ஒரு பிடி எடுத்து, சபை தந்திருக்கும் துணிப்பையில் போட்டுவிட வேண்டும். அது ஆண்டவருக்கு. ஒவ்வொரு நேரம் சமைக்கும்போதும் ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுப் பைகளும் ஆலயத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்துக்காரிகள் வராந்தாவில் மேசை போட்டு, பைகளை ஒவ்வொன்றாக ஒரு பெரிய அண்டாவில் தட்டுவார்கள்.

அந்த அண்டாவை எட்டிப் பார்த்தால் ஊரே தெரியும். ஒரு வீட்டுச் சிவப்புச் சம்பா, ஒரு வீட்டுப் பச்சரிசி, பாதி வீடுகளின் ரேஷன் அரிசி, குருணை, நெல், கல், எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அந்தக் கலப்பு அரிசியை அங்கேயே மலிவாக விற்றுச் சபைக் கணக்கில் சேர்ப்பார்கள். கடையில் அரிசி வாங்க வழி உள்ளவர்கள் அதை வாங்க மாட்டார்கள். வாங்குகிறவர்கள் எல்லோரும், யாரும் கேட்காமலே, கோழிக்கு என்று சொல்லி வாங்குவார்கள். பின்சியின் அம்மா ஆனந்தபாயும் மழைக்காலம் முழுக்க கோழிக்குத்தான் வாங்கினாள். அவர்கள் வீட்டில் கோழி கிடையாது.

அந்த அரிசியை வேக வைப்பது லேசான காரியம் இல்லை. பச்சரிசி குழைந்து கூழாகும்போதும் சம்பா விறைத்துக்கொண்டு நிற்கும். அம்மா ஒரு கொதி வந்ததும் இறக்கி, பழந்துணியைப் போட்டு மூடி வைத்து, பிறகு மறுபடியும் அடுப்பில் ஏற்றுவாள். பசைபோலக் கெட்டியான கஞ்சி வரும், நடுநடுவே பல்லில் தட்டுப்படும் சிவப்பு அரிசியோடு. தொட்டுக்கொள்ள மரச்சீனிக் கிழங்கை மசித்து மயக்கியதும் காந்தாரி மிளகாய் அரைத்ததும். என்ன ருசி அது! அந்த ருசியை இன்றைக்கு எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்காது. ஊர் முழுக்க ஒன்றாகச் சேர்ந்து வெந்தால் அல்லவா அது வரும்?

பின்சிக்கும் சானுவுக்கும் அந்தக் கஞ்சியில் ஒரு விளையாட்டு இருந்தது. தட்டில் கிடக்கும் அரிசி எந்த வீட்டு அரிசி என்று சொல்ல வேண்டும். தடித்த சிவப்பு அரிசி ஹெட்மாஸ்டர் சத்தியதாஸ் சார் வீட்டுடையது. மங்கலாக, லேசாக வாடை அடிப்பது ரேஷன் அரிசி. அதற்கு மதிப்பெண் கிடையாது. மெலிந்து நீண்ட வெள்ளை அரிசி கிடைத்தால்தான் ஜெயம். அது டாக்டர் வீட்டு அரிசி. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் காரில் ஆலயத்துக்கு வரும் டாக்டர் வீட்டில் வேறு எந்த அரிசி தின்பார்கள்? அப்படி முடிவு செய்தது பின்சிதான். அந்த வெள்ளை அரிசி தட்டில் நிறையவே கிடைக்கும். அதனால் டாக்டர் வீட்டுக்காரர்களின் தாராள மனசைப் பற்றி அவளுக்குப் பெரிய மரியாதை இருந்தது. ராத்திரி ஜெபத்தில் அப்பாவை, அம்மாவை, தம்பியை ஆசீர்வதிக்கச் சொன்ன பிறகு, டாக்டர் வீட்டையும் ஆசீர்வதியும் என்று சேர்த்துக்கொள்வாள். பிள்ளைக்கு டாக்டர் ஆக ஆசை என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் நினைவு வந்தது. சாயங்காலம் அடுக்களைப் படியில் அம்மா மடியில் சுளவு முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். வெகு நேரம் பொறுக்குவாள். விளையாடக் கூப்பிட்டால் வர மாட்டாள், கதை கேட்டால் சொல்ல மாட்டாள். இதைவிடப் பெரிய மேக் டூ எங்கே கிடைக்கும்? கல்லும் குருணையும் கலந்த அரிசியைப் பொறுமையாகச் சுத்தம் செய்து பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்த அம்மா. சனிக்கிழமை சொல்ல விஷயம் கிடைத்துவிட்டது என்று பின்சி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மனசுக்குள் இங்கிலீஷில் கோக்கத் தொடங்கினாள்.

வீட்டில் இப்போது இரண்டு அம்மாக்கள். கணவன் அனிலின் அம்மா விமலகுமாரி, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் பெண்கள் சங்கத்துக்குச் செகரட்டரி. நாழியைக் கையில் பிடித்துப் பிடியரிசியை அளந்து விற்றது அவர்தான். அப்படிப்பட்ட டீச்சர் வீட்டிலிருந்து ரப்பர் வெட்டுக்காரன் மகளைப் பெண் கேட்டு வந்தபோது ஊரே ஆச்சரியப்பட்டது. அப்பா இறந்த பிறகு ஆனந்தபாயும் இங்கேயே வந்துவிட்டாள். டீச்சர் முன்கட்டில் பேப்பர் வாசிப்பார், ஆனந்தபாய் அடுக்களையில் இருப்பாள். இரண்டு பேருக்கும் சண்டை கிடையாது. ஆனால் டீச்சர் எதிரே வந்தால் ஆனந்தபாய் இன்றைக்கும் முந்தானையை இழுத்து நேராக்கிக்கொள்வாள்.

பின்சி நேராக அடுக்களைக்குப் போய், இன்டர்வியூவில் எங்கள் பழைய கலப்பு அரிசிக் கதையைத்தான் சொல்லப் போகிறேன், நீ கல் பொறுக்கியதையும் சொல்வேன் என்று உற்சாகமாகச் சொன்னாள். தேங்காய் திருவிக்கொண்டிருந்த ஆனந்தபாயின் கை நின்றது. முன்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“கல்லு பொறுக்குனது இல்ல மக்கா அது. கல்ல அரிச்சு எடுக்க எனக்குத் தெரியாதா? வெள்ள அரிசிய பொறுக்கினேன்.”

பின்சிக்குப் புரியவில்லை. அம்மா தேங்காயைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். ஆண்டவருக்கு ஒரு பிடி எடுக்காமல் உலை வைக்க மனசு வராது. ஆனால் வீட்டில் இருப்பதே சபையிலிருந்து வாங்கிய கலப்பு அரிசி. அதையே பையில் போட்டுக் கொண்டுபோனால், ஞாயிற்றுக்கிழமை எல்லோர் கண் முன்னாலும் அண்டாவில் தட்டும்போது பல நிறமாக விழும். கோழிக்கு வாங்கிய அரிசி ஆண்டவருக்கு எப்படி வந்தது என்று ஒருத்தி கேட்டால் போதும். அதனால் ஒரே இனமாகத் தெரிய வேண்டும் என்று, வெள்ளை அரிசியை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பிடி சேர்ப்பாள். சாயங்கால வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவது வெள்ளைதான். மீதியைப் பிள்ளைகளுக்கு உலையில் போடுவாள்.

“இத ஆருட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா. உனக்க மாமிக்க காதில விழவே கூடாது. அவியளாக்கும் எனக்கு அளந்து தந்தது.”

சொல்ல மாட்டேன் என்று பின்சி ஒத்துக்கொண்டாள். அன்று ராச்சோறு அவளுக்கு இறங்கவில்லை. ஒரு பிடி அரிசி என்றால் எத்தனை அரிசிமணி இருக்கும் என்று கையில் எடுத்துப் பார்த்தாள். எண்ணத் தைரியம் வரவில்லை. அந்தப் பொறுக்கலை வெறும் கல் என்று நினைத்து, விளையாட வராத அம்மாவிடம் எத்தனை தடவை முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள்! பழையபடி கொரோனாவுக்கே திரும்பினாள். மாஸ்க் இல்லை, கையுறை இல்லை.

சனிக்கிழமை அனில் முன்கட்டு அறையில் லேப்டாப்பை வைத்து, இணைப்பைச் சரி பார்த்து, வாசலில் போய் நின்றுகொண்டான், மீன்காரன் கூவிக்கொண்டு வந்தால் தடுப்பதற்காக. திரையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். ஒருத்தி நரைத்தவள், இன்னொருத்தி இளம் வயது. நோயாளி கீழே விழுந்தால் என்ன செய்வாய், மருந்து மாறிப்போனால் யாரிடம் சொல்வாய் என்றெல்லாம் கேட்டார்கள். வேலை சம்பந்தப்பட்டது என்பதால் பின்சி தட்டுத்தடுமாறிக் கரையேறினாள். பிறகு நரைத்தவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவர்கள் இல்லத்தில் சில நாள் ஆள் குறையும், சில நாள் சாமான் குறையும், அப்படிப்பட்ட நேரத்தை நீ எப்படிச் சமாளிப்பாய், உன் அனுபவத்தில் ஒன்றைச் சொல் என்றாள். கேள்விக்குள் ‘மேக் டூ’ இருந்தது. தெரிந்த ஆளைச் சந்தையில் கண்டதுபோல பின்சிக்கு ஒரு சந்தோஷம்.

கொரோனாவைத் தொடங்கினாள். மாஸ்க் வந்தது. கையுறை வந்தது. அதற்கு அடுத்த வார்த்தை வரவில்லை. வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அதே பள்ளம், அதே இடம். திரையில் இளையவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இதோ போகிறது மூன்றாவதும் என்று பின்சிக்குத் தோன்றியது. என்ன செய்தும் கொரோனா வரவில்லை. வந்தது சுளவும் அடுக்களைப் படியும்தான்.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அவளுக்கு மறக்கவில்லை. நினைவு இருக்கும்போதேதான் வாயைத் திறந்தாள். என் அம்மா, என்று ஆரம்பித்தாள். ரைஸ் என்றாள். சர்ச் என்றாள். இலக்கணம் எங்கெங்கோ போனது, அவள் நிற்கவில்லை. இணைப்பு விட்டு விட்டு வந்ததால், சத்தமாகப் பேசு என்று அவர்கள் சொல்ல, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அண்டாவையும் கோழியையும் பொறுக்கிய அரிசியையும் சொன்னாள். ஆள் குறைந்தாலும் சாமான் குறைந்தாலும் நான் ஒப்பேற்றுவேன், ஆனால் படுக்கையில் கிடக்கும் மனிதருக்குப் போகும் அந்த ஒரு பிடியை நல்லதாகப் பொறுக்கிக் கொடுப்பேன், என் அம்மா அப்படித்தான் செய்தாள் என்று முடித்தபோது அவள் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நரைத்தவள் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டாள். பிறகு, அந்த அரிசியைப் பற்றி யாராவது எப்போதாவது கண்டுபிடித்தார்களா என்று கேட்டாள். பின்சி தலையை ஆட்டினாள். “நோ மேடம். நோபடி நோஸ்.”

இன்னும் இரண்டு கேள்விகளுக்குப் பிறகு, உன்னை எடுத்துக்கொள்கிறோம், ஏஜென்சிக்கு இன்றைக்கே தகவல் சொல்கிறோம் என்று அவள் சொன்னாள். பின்சி நன்றி சொன்னாள், கை கூப்பினாள், லேப்டாப்பை மூடினாள். சந்தோஷம் வருவதற்கு முன்னால் பயம் வந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்றாலும் ரைஸும் சர்ச்சும் மதரும் தெரியாதா? அவளைவிட, மாமிக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும்.

நினைத்தது சரிதான். அடுக்களை மேசை அருகே அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். எதிரில் டீச்சர். பின்சி வேலை கிடைத்ததைச் சொன்னாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள், நிமிரவில்லை. டீச்சர் பின்சியை உட்காரச் சொன்னார், வகுப்பில் சொல்வதுபோல.

“நீ அவியகிட்ட ஒரு காரியம் தப்பாச் சொல்லிட்டே. ஆரும் அறியாதுண்ணு. நான் அறிவேன்.”

ஆனந்தபாயின் கை தானாக முந்தானையை இழுத்து நேராக்கியது. டீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

“எல்லாவளுக்க பையிலயும் குருணை கெடக்கும், நெல்லு கெடக்கும். எனக்க பையிலயும் உண்டு. உங்க பையில மட்டும் ஒரு கல்லு இல்லாம ஒரே வெள்ள அரிசி. வெட்டு இல்லாத மழைக்காலத்தில வெட்டுக்காரன் வீட்டில இருந்து அப்பிடி அரிசி வந்தா, பொறுக்கினதுண்ணு இல்லாம நான் பின்ன என்ன நினைக்க?”

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். அதைக் கண்டுகொண்ட பிறகு ஆனந்தபாயின் பையை அவர் ஒரு தடவைகூட அண்டாவில் தட்டியதில்லை. மேசைக்கு அடியில் தள்ளி வைத்துவிடுவார். ஆனந்தபாய் கோழிக்கு அரிசி வாங்க வந்து நின்றதும், மேசை மறைவில் அவளுடைய சஞ்சிப் பையின் அடியில் அந்த வெள்ளை அரிசியை முதலில் தட்டி, மேலே கலப்பு அரிசியை அளந்து போட்டு, கையால் ஒரு கிளறு கிளறிக் கொடுத்துவிடுவார். ஆண்டவருக்கு வந்தது ஆண்டவர் கணக்கில் வந்தாயிற்று, அதற்கு மேல் எங்கே போனால் அவருக்கென்ன என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்வாராம். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆனந்தபாய் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாள்.

அப்படியானால் டாக்டர் வீட்டு அரிசி என்று ஒன்று வருமே, மெலிந்து நீளமாக, என்று பின்சி கேட்டாள். டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை.

“டாக்டர் வீடா? அவிய பிடியரிசிப் பையே வாங்கினது கெடையாது. வெள்ள அரிசி ஏதோ ஒண்ணு ரெண்டு வீட்டில இருந்து கொஞ்சம் வரும். மிச்சம் எல்லாம் உனக்க அம்மை பொறுக்கினதாக்கும்.”

இத்தனை வருட ஜெபமும் வீடு மாறிப் போயிருந்தது. அம்மா சாயங்காலம் பொறுக்குவாள், ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்குக் கொடுப்பாள், அன்று மத்தியானமே அது அவர்கள் தட்டுக்கு வந்து சேரும். மறுநாள் சாயங்காலம் அதையே மறுபடியும் பொறுக்குவாள். பின்சியும் சானுவும் அதைக் கையில் தூக்கிப் பிடித்து, டாக்டர் வீட்டு அரிசி, டாக்டர் வீட்டு அரிசி என்று கத்துவார்கள். பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருப்பாள்.

ஆனந்தபாய் மெல்ல நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்சியால் சொல்ல முடியவில்லை. டீச்சரைப் பார்த்து, முதல் தடவையாக முந்தானையைச் சரி செய்யாமலே, அவள் சொன்னாள்.

“அப்போ எனக்க கோழி ரெண்டும் நல்ல அரிசிதான் தின்னிருக்கு.”